உங்களுக்குத் தெரியுமா? – கலைடாஸ்கோப்

ஆங்கிலப் பத்திரிகையில் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதட்டும், ஒரு நகரம், ஒரு இசைவிழா, ஒரு அரசியல் கூட்டணி, எங்காவது ஓரிடத்தில் 'கலைடாஸ்கோப்' வந்து விழுந்துவிடும். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குழாயைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம். இந்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

ஒட்டுப்போட்ட பெயர்

இது பழங்கால கிரேக்கர்கள் பேசிய சொல் இல்லை. 1817 வாக்கில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கிரேக்க மொழியிலிருந்து மூன்று துண்டுகளை எடுத்து ஒட்டியது. 'கலோஸ்' அழகானது, 'எய்டோஸ்' உருவம், 'ஸ்கோபியோ' பார்க்கிறேன். அழகிய உருவங்களைப் பார்க்க ஒரு கருவி, அவ்வளவுதான். இதில் நிறம் என்ற பேச்சே இல்லை. இன்று இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு முதலில் தோன்றுவதோ நிறம் மட்டும்தான்!

சட்டைப்பையில் இருக்கும் சொந்தக்காரர்

அந்த 'எய்டோஸ்' உங்கள் செல்போனிலும் இருக்கிறது. 'ஆண்ட்ராய்ட்' என்றால் மனித உருவம் கொண்டது. 'ஆஸ்டிராய்ட்' என்றால் நட்சத்திரம் போலத் தெரிவது. இரண்டின் வாலும் எய்டோஸிலிருந்து வந்ததுதான். 'ஸ்கோப்' குடும்பம் இன்னும் பெரியது: டெலஸ்கோப், ஸ்டெதஸ்கோப், பெரிஸ்கோப், சினிமாஸ்கோப். (தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்'. கேள்வி கேட்காமலேயே வந்த பதில், வைத்துக்கொள்ளுங்கள்.)

பிரசங்கம் போனது, பிம்பம் வந்தது

கண்டுபிடித்தவர் டேவிட் புரூஸ்டர். 1781-ல் ஸ்காட்லாந்தின் ஜெட்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். 12 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். வீட்டார் ஆசைப்பட்டது அவரைப் பாதிரியாராக்க. அதற்கான படிப்பையும் முடித்து, 1804-ல் பிரசங்கம் செய்யும் உரிமையும் வாங்கினார். ஆனால் மேடையில் நின்றால் உடம்பு நடுங்கும். பேச வராத மனிதர் ஒளியின் பக்கம் திரும்பினார். தேவாலயத்துக்கு நஷ்டம், குழந்தைகளுக்கு லாபம்.

பொம்மை செய்ய உட்காரவில்லை

1814-ல் புரூஸ்டர் செய்துகொண்டிருந்தது வேறு வேலை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒளி திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கும்போது என்ன ஆகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தியின் பிம்பங்கள் சிதறாமல் ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக நிற்பதைக் கவனித்தார். அப்போதைக்கு விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1816-ல், வேறொரு சோதனையில் அதே வட்டம் மறுபடியும் கண்ணில் பட்டது. இந்த முறை விடவில்லை.

கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் கவனிக்க

கண்ணாடியின் மீது சுமார் 56 டிகிரி சாய்வில் விழும் ஒளி, தெறித்துப் போகும்போது ஒரே தளத்தில் அதிர்கிற ஒளியாக மாறிவிடுகிறது. இதற்குப் பெயரே 'புரூஸ்டர் கோணம்'. கொளுத்தும் வெயிலில் தார்ச்சாலையும் ஏரித் தண்ணீரும் கண்ணைக் கூசச் செய்வதைப் போலராய்டு கண்ணாடி குறைப்பதும், கேமராக்காரர்கள் கடைக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பதைப் பளபளப்பில்லாமல் படமெடுப்பதும் இந்தக் கணக்கில்தான். கலைடாஸ்கோப்பைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு என்று இயற்பியல்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் புரூஸ்டரின் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது பொம்மை.

காப்புரிமை இருந்தும் காசு இல்லை

1817-ல் புரூஸ்டர் முறைப்படி காப்புரிமை வாங்கினார். தயாரிக்கும் பொறுப்பு பர்மிங்ஹாமின் பிலிப் கார்ப்பென்டர் என்பவரிடம் போனது. அதற்குள் மாதிரிக் கருவி ஒன்று லண்டன் கடைக்காரர்களின் கண்ணில் பட்டுவிட்டது. பார்த்த உடனே புரிந்துவிடுகிற கருவி, அதுதான் அதன் தலைவிதி. ஒரு தகரக்குழாய், இரண்டு கண்ணாடித் துண்டு, யார் வேண்டுமானாலும் செய்யலாம். தகர வேலைக்காரர்களும் கண்ணாடி அறுப்பவர்களும் செய்து தள்ளினார்கள். தெருவில் நின்று ஒரு பார்வைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர்களும் உண்டு.

மூன்றே மாதத்தில் லண்டனிலும் பாரிஸிலுமாக 2 லட்சம் விற்றது என்பது புரூஸ்டரே எழுதிவைத்த கணக்கு. அதில் அவருக்கு வந்தது சொற்பம். பணத்தைவிட அவரை அதிகம் உறுத்தியது இன்னொன்று: விற்றதில் ஆயிரம்கூடச் சரியான கோணத்தில் செய்யப்படவில்லை என்று நொந்துகொண்டார். தன் பொருளைத் திருடியதைக்கூட மன்னிக்கலாம், தப்பும் தவறுமாகத் திருடியதை மன்னிக்க முடியவில்லை. வாத்தியார் குணம்!

'இது ஏற்கெனவே இருந்ததுதானே?'

எதுவும் பிரபலமானால் இந்தக் குரல் வந்துவிடும். வந்தது. இத்தாலியின் போர்ட்டா 16-ம் நூற்றாண்டிலேயே, ஜெர்மானியப் பாதிரியார் கிர்ச்சர் 1646-லேயே இரண்டு கண்ணாடிகளைக் கோணமாக வைத்துப் பிம்பங்களைப் பெருக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்று புரூஸ்டருக்கு எதிராகப் புத்தகங்களைப் புரட்டினார்கள்.

அவற்றில் சுவாரசியமானது ரிச்சர்ட் பிராட்லி என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞரின் கருவி. கதவு போலக் கீல் வைத்த இரண்டு கண்ணாடிகள். பூங்காவில் பாத்தி போடுவதற்கு ஒரு கோட்டுப்படம் வரைந்து, அதன்மேல் இந்தக் கண்ணாடிகளை விரித்து நிறுத்தினால் முழுத் தோட்டமும் வட்டமாகத் தெரியும். 1717-ல் அச்சில் வந்தது. கலைடாஸ்கோப்புக்குச் சரியாக நூறு வருடம் முன்பு. ஆனால் அதில் அசைவு இல்லை. துண்டுகள் புரளவும், ஒவ்வொரு புரளலிலும் புதிய உருவம் பிறக்கவும் வழி செய்தது புரூஸ்டர்தான். அவர் 1819-ல் இதற்காகவே ஒரு தனிப் புத்தகம் எழுதி வாதாடினார்.

கோணத்தில் இருக்கிறது சூட்சுமம்

இரண்டு கண்ணாடிகளை 60 டிகிரியில் சாய்த்து வைத்தால் வட்டம் ஆறு பங்காகத் தெரியும். ஒன்று நிஜம், ஐந்து பிம்பம். 45 டிகிரி என்றால் எட்டு. 30 டிகிரி என்றால் பன்னிரண்டு. 360-ஐ வகுத்துக்கொண்டே போகலாம்.

ஆனால் 72 டிகிரியில் வைத்துப் பாருங்கள். ஐந்து பங்கு வரவேண்டும், வரும். ஓரிடத்தில் மட்டும் தையல் விட்டாற்போல் கோணலாக நிற்கும். காரணம் எளிது. பிம்பம் என்பது இடவலம் மாறியது. பக்கத்துப் பக்கத்துப் பங்குகள் மாறி மாறி, நேர், தலைகீழ், நேர், தலைகீழ் என்று நிற்கின்றன. பங்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் சுற்றி வந்து முடியும் இடத்தில் ஒன்றோடொன்று பொருந்தும். ஒற்றைப்படையில் ஒரு மூலையில் இடிக்கும்.

புரூஸ்டர் இன்னும் இரண்டு நிபந்தனைகள் போட்டார். வண்ணத் துண்டுகள் கண்ணாடிகளின் நுனியைத் தொடும் அளவுக்கு நெருங்கி இருக்கவேண்டும். பார்க்கும் துளை, கண்ணாடிகள் சேரும் முனைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. திருவிழாக் கடையில் வாங்கிய குழாயில் படம் மங்கலாக, ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாகத் தெரிந்தால், இந்த மூன்றில் ஒன்று பிசகியிருக்கிறது.

ரசம் பூசாமலே எப்படி?

நம் வீடுகளில் பிள்ளைகள் செய்யும் கலைடாஸ்கோப்பில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்காது. படம் ஃபிரேம் போடும் கடையில் கேட்டு வாங்கிய சாதாரணக் கண்ணாடிப் பட்டைகள், வெளியே கறுப்புக் காகிதம். அதில் எப்படிப் பிம்பம் வருகிறது?

சாதாரணக் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தால் அதன் மேற்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 4 சதவீதம்தான். பார்வை சாயச் சாய அது ஏறும். 85 டிகிரி சாய்வில் 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். நீளமான குழாயின் ஒரு முனையிலிருந்து பார்க்கும்போது நம் பார்வை கண்ணாடிச் சுவரை ஏறக்குறைய உரசிக்கொண்டுதான் போகிறது. அதனால் வெறும் கண்ணாடியே முகக்கண்ணாடியாகிவிடுகிறது. கறுப்புக் காகிதம் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து கெடுக்காமல் பார்த்துக்கொள்கிறது. குழாய் குட்டையாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

விலை உயர்ந்த கலைடாஸ்கோப்புகளிலோ வெள்ளிப்பூச்சு கண்ணாடியின் பின்புறம் இல்லாமல் முன்புறத்திலேயே இருக்கும். பின்புறம் பூசினால் முன்பக்கக் கண்ணாடியும் தன் பங்குக்கு ஒரு மெல்லிய நிழல் பிம்பத்தைக் காட்டும். பிம்பத்துக்குப் பிம்பம் என்று பெருகுகிற இடத்தில் அந்த நிழல்களும் பெருகிப் படம் கலங்கிவிடும்.

இரண்டா, மூன்றா?

இரண்டு கண்ணாடி என்றால் நடுவில் ஒரே ஒரு பூ, சுற்றிலும் இருட்டு. மூன்று கண்ணாடி என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பூவாகவே தெரியும். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மூன்று.

மூன்று கண்ணாடிகளையும் எப்படி வேண்டுமானாலும் முக்கோணமாகச் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இடைவெளியோ இடிபாடோ இல்லாமல் தளம் முழுவதும் பிம்பம் நிரம்ப மூன்றே வகை முக்கோணங்கள்தான் உண்டு: 60-60-60, 45-45-90, 30-60-90. நான்காவது கிடையாது. பள்ளி ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களின் கோணங்களை எடுத்துப் பாருங்கள். பட்டியலில் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

எஷருக்குப் போன படம்

20-ம் நூற்றாண்டின் பெரிய வடிவியல் மேதைகளில் ஒருவர் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கோக்ஸ்டர். 1907-ல் பிறந்து 2003 வரை வாழ்ந்தவர். நாலாவது, ஐந்தாவது பரிமாணம் வரை கலைடாஸ்கோப் செய்தால் எப்படியிருக்கும் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். அவருடைய தேர்ந்தெடுத்த கட்டுரைகளின் தொகுப்புக்கே 'கலைடாஸ்கோப்புகள்' என்றுதான் பெயர். அவர் அனுப்பிய கட்டுரையில் இருந்த ஒரு வரைபடம்தான் ஓவியர் எஷரை உலுக்கி, விளிம்பை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் 'வட்ட எல்லை' ஓவியங்களை 1958 முதல் வரைய வைத்தது. அந்த ஓவியங்களில் உள்ள கணக்கே தனக்குப் புரியவில்லை என்று எஷர் சொல்லிக்கொண்டிருந்தார். கோக்ஸ்டரோ அவை கணக்குப்படி அச்சுப் பிசகாமல் இருப்பதாக வியந்தார்.

46,288 கோடி ஆண்டுகள்

19-ம் நூற்றாண்டிலிருந்து பத்திரிகைக்குப் பத்திரிகை தாவிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு இது: கலைடாஸ்கோப்பில் 20 துண்டுகள் போட்டு, நிமிடத்துக்குப் பத்து முறை திருப்பினால், எல்லா அமைப்புகளையும் பார்த்து முடிக்க 46,288 கோடியே 8 லட்சத்து 99 ஆயிரத்து 576 ஆண்டுகளும் 360 நாட்களும் ஆகும்.

இப்படிப்பட்ட எண்களைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். போட்டுப் பார்த்தேன். 1-ல் தொடங்கி 20 வரையுள்ள எண்களையெல்லாம் பெருக்குங்கள். வருவதைப் பத்தால் வகுத்தால் நிமிடங்கள். அதை 365 நாள் கொண்ட வருடங்களாக்கினால், அட, அந்த 360 நாள் உட்பட அப்படியே வருகிறது! பெருக்கலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில். 20 பேரை வரிசையில் நிறுத்தும் வழிகளின் எண்ணிக்கை அது. கலைடாஸ்கோப்பில் துண்டுகள் வரிசையில் நிற்பதில்லை. சாய்கின்றன, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, பாதி மறைகின்றன. எனவே உண்மையான எண்ணிக்கை அதைவிட அதிகம். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். குறைவான கணக்குக்கே அதைப்போல் 33 மடங்கு காலம் வேண்டும்.

கம்பளக்காரர்களுக்கு ஒரு யோசனை

புரூஸ்டர் இதைப் பொம்மை என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பளம் நெய்வோர், துணியில் அச்சுப் போடுவோர், கட்டட அலங்காரம் செய்வோர் ஆகியோருக்கு வடிவங்களை நிமிடத்தில் எடுத்துக்கொடுக்கும் தொழிற்கருவி என்பது அவர் கட்சி. அவர் நினைத்தது கொஞ்சம் அகலக்கால். படம் கிடைத்தது, ஆனால் அடுத்த நொடி புரண்டுபோகும் படத்தை எவர் உட்கார்ந்து வரைந்தெடுப்பது? கேமரா வர இன்னும் இருபது வருடம் இருந்தது.

குழாயிலிருந்து பேச்சுக்கு

ஒரு கருவியின் பெயர் உவமையாக மாறுவதற்குப் பொதுவாக ஒரு தலைமுறையாவது ஆகும். இதற்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1818-லேயே லிவர்பூலில் 'கலைடாஸ்கோப்' என்ற பெயரில் ஒரு வாரப் பத்திரிகை வந்துவிட்டது. இலக்கியம், அறிவியல், துணுக்கு என்று பலதும் கலந்து தந்தது. நமக்கு மூதாதை!

பைரனுக்கு வந்த பார்சல்

கவிஞர் பைரனுக்கு அவருடைய பதிப்பாளர் ஒரு கலைடாஸ்கோப்பை அனுப்பிவைத்தார். 1819-ல் வெளியான 'டான் ஜுவான்' காவியத்தின் இரண்டாம் பகுதியில் அது வேலைக்கு வந்துவிட்டது. கப்பல் மூழ்கி, படகில் பசியோடு தத்தளிக்கும் மனிதர்களுக்குமேல் வானவில் ஒன்று தோன்றும் இடம். அதை வானத்துக் கலைடாஸ்கோப் என்று அழைக்கிறார். மாறிக்கொண்டே இருக்கும் வண்ணக் காட்சி என்ற பொருளில் இந்தச் சொல்லுக்கு ஆங்கில அகராதிக்காரர்கள் காட்டும் மிகப் பழைய சான்று இதுதான். நிறத்தின் பக்கம் சொல் சாயத் தொடங்கியதும் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகராதி என்ன சொல்கிறது?

பொருள் ஒன்று, கருவி. பொருள் இரண்டு, இடையறாது மாறும் வடிவமோ காட்சியோ. பொருள் மூன்று, பலவகைப்பட்டவை அடுத்தடுத்து வருவது. நடைமுறையில் நான்காவது ஒன்றும் உண்டு, அகராதிக்காரர்கள் தயங்கித்தான் சேர்ப்பார்கள்: 'நிறைய இருக்கிறது'. உணர்ச்சிகளின் கலைடாஸ்கோப், சுவைகளின் கலைடாஸ்கோப், பண்பாடுகளின் கலைடாஸ்கோப் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்காவதைத்தான் சொல்கிறார்கள். அதற்குக் கதம்பம் போதும்; கண்ணாடி எதற்கு?

சரியாகப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள்

1863-ல் கவிஞர் பொதலேர், பெருநகரக் கூட்டத்தில் கரைந்து திரிகிற ரசிகனைச் சுயநினைவுள்ள ஒரு கலைடாஸ்கோப்போடு ஒப்பிட்டார். அரை நூற்றாண்டு கழித்து மார்சல் புரூஸ்ட் இன்னும் துல்லியம். தன் பெருநாவலில் மேட்டுக்குடிச் சமூகத்தையே கலைடாஸ்கோப் என்கிறார். அசைக்கவே முடியாது என்று எல்லோரும் நம்பிய மனிதர்கள், நாட்டையே பிளந்த டிரைஃபஸ் வழக்கு போல ஒரு திருப்பு விழுந்ததும் இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறார்கள். புதிதாக யாரும் வரவில்லை. அதே ஆட்கள், வேறு அடுக்கு. இதல்லவா உவமை!

உடைந்தவற்றின் தர்க்கம்

மானிடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் 1962-ல் எழுதிய 'காட்டு மனம்' நூலில் புராணக் கதைகள் உருவாகும் விதத்தை விளக்கக் கலைடாஸ்கோப்பை எடுத்துக்கொண்டார். உள்ளே இருப்பவை எல்லாம் உடைசல்கள். ஒருகாலத்தில் வேறெதற்கோ பயன்பட்டவை. அந்தப் பழைய பயன் போய்விட்டது. ஆனால் புதிய அடுக்கில் அவற்றுக்குப் புதிய பொருள் வருகிறது. தொல்கதைகளும் இப்படித்தான் பழைய கதைகளின் துண்டுகளிலிருந்து கட்டப்படுகின்றன என்றார்.

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினுக்கு அந்த அழகே எரிச்சல். ஒவ்வொரு திருப்பிலும் பழைய ஒழுங்கு நொறுங்கி உடனே இன்னொரு ஒழுங்கு வந்துவிடுகிறதே, அது எப்படி? கண்ணாடி இருப்பதால். ஆளுகிறவர்களின் கருத்துகளே அந்தக் கண்ணாடி. எதைப் போட்டாலும் 'ஒழுங்கு' போலவே காட்டும். ஆகவே குழாயை உடைக்கவேண்டும் என்று 1930-களின் இறுதியில் தன் குறிப்புகளில் எழுதிவைத்தார். கலைடாஸ்கோப்பைப் பற்றி எழுதியவர்களில் துண்டுகளை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிடித்த ஆள் இவர். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, பாருங்கள்.

விண்வெளியில்

ரே பிராட்பரி 1949-ல் எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பும் கலைடாஸ்கோப். ராக்கெட் ஒன்று கிழிந்து, வீரர்கள் ஆளுக்கொரு திசையில் விண்வெளியில் விழுந்துகொண்டே ரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவன் பூமியின் காற்றுமண்டலத்துக்குள் எரிந்து விழ, கீழே ஒரு சிறுவன் எரிநட்சத்திரம் என்று நினைத்துக்கொள்கிறான். தலைப்புக்கான காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது: விண்கல் கூட்டம் ஒன்றில் மாட்டிக்கொண்ட வீரன், அது பெரிய கலைடாஸ்கோப் போல இருக்கிறது என்கிறான்.

எப்படிப் பார்த்தாலும் சரி

2023 ஜனவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'கலைடாஸ்கோப்' தொடர் ஒரு கொள்ளைக் கதை. எட்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் பெயர். கடைசியாக 'வெள்ளை', மற்ற ஏழையும் எந்த வரிசையிலும் பார்க்கலாம். அதாவது 5,040 வழிகள். யோசனை பிரமாதம். ஆனால் எந்த வரிசையிலும் புரியவேண்டும் என்பதற்காகவே எந்தப் பகுதியிலும் பெரிதாக எதையும் போட்டு உடைக்க முடியாமல் போய்விட்டது என்பது என் கருத்து.

கேமராவில் மூன்று கண்ணாடி

முழுக்க அருவமான புகைப்படங்களை முதன்முதலில் எடுத்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் ஆல்வின் லாங்டன் கோபர்ன். 1917 வாக்கில் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி கேமராவின் முன் வைத்து எடுத்தார். 1933-ல் ஹாலிவுட்டின் பஸ்பி பெர்க்லி, 'ஃபுட்லைட் பரேட்' படத்தில் நீச்சல்குளத்துப் பெண்களை உச்சியிலிருந்து படமெடுத்து மனிதர்களையே பூவிதழாக விரிய வைத்தார். அங்கே கண்ணாடி இல்லை, ஒத்திகை மட்டும்.

பழைய கனவுப் பாட்டுகளில் ஒரே கதாநாயகி ஐந்தாறு பேராகச் சுற்றுவாரே? அதுவும் கலைடாஸ்கோப் இல்லை. லென்ஸுக்கு முன்னால் மாட்டிய, பல முகங்கள் வெட்டிய கண்ணாடிப் பட்டகம். பட்டகத்தில் எல்லா நாயகிகளும் ஒரே பக்கம் திரும்புவார்கள். கண்ணாடியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எதிர்ப்பக்கம் திரும்புவார். அடுத்த முறை பார்க்கும்போது சரிபாருங்கள்.

நின்ற பிறகும் நகரும்

1870-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் சார்லஸ் புஷ் என்பவர் செய்த கலைடாஸ்கோப்புகள் இன்று சேகரிப்பாளர்களுக்கு உயிர். துண்டுகளோடு, வண்ணத் திரவம் நிரப்பி மூடிய சிறு கண்ணாடிக் குப்பிகளையும் போட்டார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காற்றுக்குமிழி. குழாயைத் திருப்புவதை நிறுத்திய பிறகும் குமிழி மட்டும் மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும்.

துண்டே இல்லாத கலைடாஸ்கோப்

துண்டுகளுக்குப் பதில் நுனியில் ஒரு கண்ணாடி உருண்டையைப் பொருத்தினால் எதிரில் இருப்பதெல்லாம் பூவாகிவிடும்: தெருவிளக்கு, மரம், எதிர்வீட்டுக்காரர் முகம். பெயர் டெலிடாஸ்கோப். இதற்குக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கர் ஜான் பர்ன்சைடு.

தானியக் குதிருக்குள்

நியூயார்க் மாநிலத்துக் காட்ஸ்கில் மலைப்பகுதியில், மவுண்ட் டிரெம்பர் என்ற ஊரில், பழைய தானியக் குதிர் ஒன்றையே கலைடாஸ்கோப்பாக மாற்றியிருக்கிறார்கள். உயரம் சுமார் 60 அடி. 1996-ல் திறந்தது. உலகிலேயே பெரியது என்று பெயர். உள்ளே போய் அண்ணாந்தோ தரையில் படுத்தோ பார்க்கவேண்டும்.

சேகரிப்பாளர்களுக்கு 1986 முதல் சங்கமும் இருக்கிறது, புரூஸ்டர் பெயரில். அதைத் தொடங்கிய கோஸி பேக்கர், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனத்தால் மகனை இழந்தவர். அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வர உதவியதாகக் கலைடாஸ்கோப்பைச் சொன்னார்.

ஜப்பானில் பத்தாயிரம் பூ

ஜப்பானியர் இதை 'மாங்கெக்யோ' என்கிறார்கள். பத்தாயிரம் பூக்களின் கண்ணாடி. கியோட்டோவில் இதற்கென அருங்காட்சியகமே உண்டு. பெரியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். வீட்டில் 'நருட்டோ' பார்க்கும் பிள்ளை இருந்தால் கேளுங்கள். 'மாங்கெக்யோ ஷாரிங்கான்' கண்ணைப் பற்றி அரை மணி நேரம் பேசும்.

பட்டாம்பூச்சிக் கூட்டத்துக்கும்

ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சிக் கூட்டத்தைச் சிலர் கலைடாஸ்கோப் என்பார்கள். பூச்சி ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் சொல்வதில்லை.

கண்ணுக்குள்ளேயே தெரிந்தால்

சிலருக்குத் திடீரென்று பார்வையின் ஒரு பகுதியில் மின்னும் வளைவுக் கோடுகள், முக்கோணங்கள், உடைந்த கண்ணாடி போன்ற வடிவங்கள் தோன்றி மெல்லப் பெரிதாகும். இரண்டு கண்ணையும் மூடினாலும் தெரியும். மருத்துவர்களும் இதைக் 'கலைடாஸ்கோப் பார்வை' என்று சொல்வதுண்டு. பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பு. கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்புறம் பார்வைக்கான பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஓர் அலை ஊர்ந்து போகிறது. 20, 30 நிமிடங்களில் கடந்துவிடும். முதல் முறை வந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தாலோ, பேச்சு குளறினாலோ, கை கால் மரத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

இதை அறிவியல் இதழில் முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாட்சாத் புரூஸ்டரேதான். 1865-ல், 83 வயதில், தனக்கே வந்த அரைப்பார்வை அனுபவத்தைக் கட்டுரையாக்கினார். அதைப் படித்துவிட்டு, 'எனக்கும் வரும்' என்று அதே ஆண்டு எழுதினார் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி.

புரோகிராமர்களுக்கும் உண்டு

கம்பைலர் எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக எல்எல்விஎம் என்ற மென்பொருள் திட்டத்தின் பாடத்தில் வரும் குட்டி நிரல்மொழியின் பெயர் கலைடாஸ்கோப்.

செய்ய ஆசை வந்துவிட்டதா?

ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் மூன்று கண்ணாடிப் பட்டைகள். விளிம்புகளைக் கண்ணாடிக் கடையிலேயே தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். முக்கோணமாகச் சேர்த்து டேப் ஒட்டி, கறுப்புக் காகிதம் சுற்றுங்கள். துண்டு போடும் அறையின் வெளிப்பக்கத்துக்கு பட்டர் பேப்பர். உள்பக்கத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக். வளையல் துண்டுகளில் ஒளி ஊடுருவுகிறவையாகப் பார்த்து எடுங்கள். ஜிகினா ஒட்டிய மொத்தை வளையல் உள்ளே வெறும் கறுப்பாகத்தான் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தப்பு, ஆசையில் அறையை நிறைத்துவிடுவது. மூன்றில் ஒரு பங்கு போதும், மீதி புரள்வதற்கு. பார்க்க ட்யூப்லைட் வெளிச்சம் தாராளம். சூரியனை நோக்கிப் பிடிக்கக் கூடாது.